ஏடும் அநுபவமும் – 9: குகைவாசலில் ஒரு பண்டிதர்

நான்கு வேதங்களும், இதிகாச புராணங்களும், கணிதமும், தர்க்கமும், நக்ஷத்திர வித்தையும், மற்றுமுள்ள கலைகளும் கற்றுத் தீர்த்த நாரதர், ஸனத்குமாரரை அண்டி, தாம் மந்திரங்களை அறிந்தவரே அன்றி ஆத்மாவை அறிந்தவர் அல்லர் என்றும், அதனால் சோகத்தில் ஆழ்ந்திருப்பதாகவும் விண்ணப்பித்துக்கொண்ட சாந்தோக்கிய உபநிஷத வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். முண்டக உபநிஷதம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வித்தைகளைப் பரை என்றும் அபரை என்றும் இரண்டாகப் பகுத்து, ரிக் முதலிய வேதங்களையே அபர வித்தையில் சேர்த்துவிடுகிறது. வேதமே தன்னைத் தாழ்ந்த வரிசையில் வைத்துக்கொள்ளும் இந்த நேர்மையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆயினும் இவை காலம் குறிக்க இயலாத பழங்கதைகள். நூலால் வரும் அறிவு எங்கே முடிகிறது, உள்ளே விளையும் உணர்வு எங்கே தொடங்குகிறது என்ற வினாவை, ஆண்டும் தேதியும் ஊரும் தெருவும் தெரிந்த ஒரு வாழ்க்கையில் வைத்துப் பரிசீலிக்க முடியுமானால் நமக்கு அதிகத் தெளிவு உண்டாகும். அப்படிப்பட்ட வாழ்க்கை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. சாஸ்திரமே கதி என்போரும், சாஸ்திரம் வீண் சுமை என்போரும் ஒருங்கே தமக்குச் சாட்சியாக இழுக்கும் ஸ்ரீ ரமண மஹர்ஷியின் வாழ்க்கைதான் அது. இரு சாராரும் அவரைப் பாதி மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் துணிபு.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892-இல் தந்தை சுந்தரமையர் காலமான பின், மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் தங்கி, முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்து வந்தார். படிப்பில் நாட்டம் கொண்ட பிள்ளை என்று சொல்வதற்கில்லை. பள்ளிப் பாடங்களையும், மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்பித்த பைபிளையும் விட்டால், அவர் அந்நாளில் அறிந்திருந்தவை தேவாரத்திலும் தாயுமானவர் பாடல்களிலும் சில பகுதிகளும், சிற்றப்பா இரவல் வாங்கி வந்து வைத்திருந்த பெரிய புராணமுமே. பிரம்மம் என்றும் ஸம்ஸாரம் என்றும் வேதாந்திகள் வழங்கும் பதங்களை அவர் செவியால்கூடக் கேட்டதில்லை என்பது அவரே பிற்காலத்தில் கூறிய செய்தி.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுவில், அந்த வீட்டு மாடி அறையில் தனியே உட்கார்ந்திருந்த அந்தப் பதினாறு வயதுச் சிறுவனை, நோய் எதுவும் இல்லாதிருக்கையிலேயே, நாம் இப்போது சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று பற்றிக்கொண்டது. வைத்தியரைக் கூப்பிடவேண்டும் என்றோ, பெரியவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றோ அவனுக்குத் தோன்றவில்லை. சாவு வந்துவிட்டதென்றால் சாவு என்பது யாது, சாவது எது என்று அவ்விடத்திலேயே பார்த்துவிடுவது என்று தரையில் நீட்டிப் படுத்துக் கைகால்களை விறைத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டான். இந்த உடல் கட்டையாகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் எரித்துவிடுவார்கள். ஆனால் இதனோடு நானும் முடிந்தேனா என்று வினவிய அந்தக் கணத்தில், உடலுக்கு வேறாக, அதன் அழிவினால் சிறிதும் தீண்டப்படாததாக விளங்கிய ‘நான்’ என்னும் உணர்வு அனுமானமாக இல்லாமல் பிரத்தியக்ஷமாக அவனை ஆட்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மரண பயம் அன்று போனது போனதுதான். பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்த மகானை அது மறுபடி அணுகவே இல்லை.

இந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, நூல்களே தேவையில்லை என்று முடிவு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். பெரிய புராணத்தை அவர்கள் எங்கே வைப்பார்கள்? அதைப் படித்த சிறுவன், இறைவனிடம் இத்தகைய அன்பு பூண்ட மனிதர்கள் மண்ணில் நடமாடினார்களா என்று பிரமித்துப் போனான். ஜூலைக்குப் பின் மாலைதோறும் மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குச் சென்று, அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன் நின்று, தனக்கும் அத்தகைய பக்தி உண்டாகவேண்டும் என்று கண்ணீர் வடித்தான். அந்த நூல் அவனுக்குத் தத்துவம் எதையும் போதிக்கவில்லை. மாடி அறையில் நேர்ந்ததை விளைவித்ததும் அந்த நூல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நெஞ்சை இளக்கி வைக்கும் காரியத்தை அது செய்தது. அந்த உபகாரத்தைச் சிறிதென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மும்முறை எழுதிவரும்படி ஆசிரியர் விதித்திருந்த தண்டனையை நிறைவேற்ற உட்கார்ந்தவர், இரண்டு முறை எழுதி முடித்து, மூன்றாம் முறை எழுதுகையில் ஏட்டை அப்பால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதைக் கண்ட தமையனார் நாகசாமி, இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற கருத்தில் கடிந்து சொன்ன சொல் சுருக்கென்று தைத்தது. தமையனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று பெட்டியிலிருந்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் விவரம் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட அவர், செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். அதற்கப்பால் அந்த ஊரை விட்டு அவர் எங்கும் சென்றதில்லை.

நம் விஷயத்துக்கு முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது. திருவண்ணாமலையில் குருமூர்த்தம் என்னும் இடத்தில் மௌனமாக இருந்த அந்த இளந்துறவிக்குப் பணிவிடை செய்ய வந்து சேர்ந்தவர் பழனிசாமி என்னும் மலையாளி. சுவாமிக்குப் பயன்படும் என்று கருதியோ, தமக்கு ஞானம் வரவேண்டும் என்ற ஆவலாலோ, அவர் ஊருக்குள் சென்று கைவல்ய நவநீதம் முதலிய தமிழ் வேதாந்த நூல்களை இரவல் பெற்று வந்து படிக்க முற்பட்டார். தமிழ் எழுத்துக்களோடு அவர் மல்லுக்கட்டுவதையும், ஒரு பக்கம் கடப்பதற்குள் களைத்துப் போவதையும் கண்ட இளந்துறவி, புத்தகத்தை வாங்கித் தாமே விரைவாக வாசித்து முடித்துச் சாரத்தை அவருக்கு எடுத்துரைத்தார். அவ்வாறு வாசித்தபோதுதான், மதுரை மாடி அறையில் பெயர் தெரியாமலும் ஆராய்ச்சி செய்யாமலும் தாம் கண்டுகொண்டதையே இந்நூல்கள் பகுத்தும் பெயரிட்டும் பேசுகின்றன என்பது அவருக்குப் புலனாயிற்று. பழனிசாமியிடமிருந்த மலையாள அத்யாத்ம ராமாயணம் அவருக்கு அந்தப் பாஷையைக் கற்றுக் கொடுத்தது. பின்னர் ஸம்ஸ்கிருதமும் தெலுங்கும் இவ்விதமே, யாரோ ஒருவருடைய தேவையை முன்னிட்டு, அவரிடம் வந்து சேர்ந்தன.

உலகத்தார் நூலைப் படித்து அநுபவத்தைத் தேடுகிறார்கள். இவரிடமோ அநுபவம் முந்திக்கொண்டது, நூல்கள் பின்னே வந்து ஆமோதித்தன. அதுவும் தமக்கென்று தேடி வந்த நூல்களாக இல்லாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஓர் அடியவரின் சிரமத்தைக் காணப் பொறாத கருணையினால் கையில் எடுத்த நூல்கள். இதை நினைக்கும்போது, நூல் வாசிப்புக்கும் அன்புக்கும் உள்ள உறவைப் பற்றி நம்முடைய பண்டிதர்கள் போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது.

அநுபவம் வாய்த்தவருக்கு நூலின் ஆமோதிப்பு எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு வேண்டாம், நமக்கு வேண்டும். கண்ணீர் பெருகுவதையும், கனவில் ஒளி தோன்றுவதையும், ஒரு நாள் மாலையில் உள்ளம் லேசாக இருப்பதையும் ஆத்மாநுபவம் என்று எண்ணி மயங்குகிறவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றிக் கெட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ச்ருதி, யுக்தி, அநுபவம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த நியதி இந்த மயக்கத்துக்கு எதிராகக் கட்டிய அரணாகும். எனக்குத் தோன்றியது ஆகவே மெய் என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கும் இல்லை.

விரூபாக்ஷ குகையில் சுவாமி இருந்த காலத்தில், புத்தகமும் கையுமாக அவரிடம் வந்தவர்களுள் ஒருவர் கம்பீரம் சேஷய்யர். திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்ஸியராக இருந்த அவர், 1900 முதல் 1902 வரை, விவேகானந்தருடைய ராஜயோகம் முதலிய நூல்களைக் கொண்டுவந்து கொடுத்துத் தமக்கு விளங்காத இடங்களைக் கேட்பார். சுவாமி அவற்றைப் படித்துச் சாரத்தைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுப்பார். அக்காகிதங்களே பிற்காலத்தில் விசார ஸங்கிரகம் என்ற நூலாயின. 1902-இல் வந்த சிவப்பிரகாசம் பிள்ளை தென்னாற்காடு ஜில்லாவில் ரெவினியூ இலாகா உத்தியோகஸ்தர். தத்துவ சாஸ்திரம் படித்த பட்டதாரி. அவர் கேட்ட வினாக்களுக்குப் பேசாமல் எழுதிக் காட்டப்பட்ட விடைகளே, 1923-இல் அச்சேறிய ‘நான் யார்?’ என்னும் சிறு நூலுக்கு மூலம். கற்ற கல்வியையெல்லாம் ஒரு காலத்தில் மறந்துவிட வேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கையும் அந்த நூலிலேயே இருக்கிறது.

ஆனால் ஏட்டறிவின் சிகரத்தில் நின்ற ஒருவர் அந்தக் குகைக்கு வந்த நிகழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆந்திர தேசத்தில் பொப்பிலிக்கு அருகே 1878-இல் பிறந்த கணபதி சாஸ்திரிகள், 1900-இல் வங்காளத்து நவத்வீபத்தில், பண்டிதர்கள் நிறைந்த சபையில் ஆசுகவி பாடிக் காவ்யகண்டர் என்ற விருதைப் பெற்றபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. வேதமும் வேதாந்தமும் மந்திர சாஸ்திரமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மந்திர ஜபமும் அவர் சாமானியமாகச் செய்தவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று க்ஷேத்திரங்களில் அமர்ந்து கோடிக்கணக்கில் உருவேற்றியவர். இத்தனைக்குப் பின்னும் உள்ளே ஏதோ ஒன்று நிறையவில்லை.

1907-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி, கார்த்திகை உற்சவ காலத்தில், நடுப்பகல் வெயிலில் மலையேறி வந்த அந்தப் பண்டிதர், குகைக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்த சுவாமியின் பாதங்களைப் பற்றிக்கொண்டு விழுந்தார். படிக்கவேண்டியதெல்லாம் படித்தேன், வேதாந்த சாஸ்திரம் முழுதும் பார்த்தேன், மனம் நிறைய ஜபம் செய்தேன்; ஆயினும் தபஸ் என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதைத் தாங்களே தெரிவிக்கவேண்டும் என்று குரல் தழதழக்க வேண்டினார். வந்தவருக்கு வயது இருபத்தொன்பது. எதிரே இருந்தவரோ அவரைவிட ஓராண்டு இளையவர், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். பெரும்பாலும் மௌனியாகவே இருந்த அந்த இளைஞர் கால் மணி நேரம் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனித்தால் மனம் அங்கேயே லயமாகும், அதுவே தபஸ் என்ற கருத்தையும், மந்திரத்தை ஜபித்தால் அதன் ஒலி எழும் இடத்தைக் கவனிக்க அங்கும் மனம் லயமாகும், அதுவும் தபஸே என்ற கருத்தையும் தமிழில் சில வார்த்தைகளில் சொன்னார். அவ்வளவே உபதேசம். வேங்கடராமன் என்ற பெயரைச் சுருக்கி, பகவான் ஸ்ரீ ரமண மஹர்ஷி என்று உலகம் இன்று வழங்கும் திருநாமத்தை இட்டவர் அன்று அங்கே விழுந்து வணங்கிய இந்தப் பண்டிதர்தாம்.

கணபதி சாஸ்திரிகளுக்கு மஹர்ஷி புதிய சாஸ்திரம் எதையும் போதிக்கவில்லை என்பதையும், ஜபத்தை விட்டுவிடும்படி சொல்லவில்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அவரிடம் இருந்த மந்திரத்தையே வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பி வைத்தார். அதுவரை மந்திரத்தின் பலன் நோக்கி முன்னே சென்றுகொண்டிருந்த பார்வை, அது புறப்படும் ஊற்றை நோக்கிப் பின்னே திரும்பிற்று. இதைச் சாஸ்திரத்துக்கு விரோதம் என்று எப்படிச் சொல்வது? சாஸ்திரம் விரலை நீட்டிச் சுட்டிய திசையில் அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

இந்த இடத்தில் நம் அத்வைத ஆசாரியர்களுக்குள்ளேயே நெடுங்காலம் நடந்த ஒரு விவாதத்தைச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. உபநிஷத வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் நேரான ஞானம் பிறக்குமா, அல்லது கேட்டதைச் சிந்தித்து இடைவிடாமல் தியானித்துப் பக்குவமான மனத்துக்கே அது பிறக்குமா என்பது அதன் பொருள். வாக்கியம் பரோக்ஷமான, அதாவது மறைமுகமான, ஞானத்தையே தரும், அபரோக்ஷமான நேர் ஞானம் தியானத்தால் பக்குவப்பட்ட மனத்தின் வழியே வரவேண்டும் என்பது வாசஸ்பதி மிச்ரரின் பாமதியைப் பின்பற்றுவோர் கட்சி. வாக்கியமே நேராக அபரோக்ஷ ஞானத்தைத் தர வல்லது என்பது பிரகாசாத்மரின் விவரணத்தைப் பின்பற்றுவோர் கட்சி. பின்னவர்கள் தங்களுக்குத் துணையாகக் காட்டும் திருஷ்டாந்தம், ஆற்றைக் கடந்த பத்துப் பேரின் கதை. அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒன்பது பேரே இருப்பதாகக் கண்டு, பத்தாமவன் ஆற்றோடு போனான் என்று எல்லோரும் கூடி அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, பத்தாமவன் நீயே என்று எண்ணியவனைச் சுட்டிக் காட்டியதும் அழுகை நின்றுவிடுகிறது. அவன் தியானம் செய்யவில்லை, தவம் கிடக்கவில்லை; ஒரு சொல்லே அவனுக்குப் போதுமாயிருந்தது.

சொல்லின் வல்லமையை இதைவிட அழகாகக் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் தன்னைத் தவிர வேறு எங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. சொல் வெளியே போகாமல் கேட்டவனிடமே திரும்பி வந்தது. அதே வாக்கியத்தை அவன் மனப்பாடம் செய்து, இலக்கணம் பார்த்து, பத்தாமவனைப் பற்றி ஒரு பாஷ்யம் எழுதிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தால் அழுகை நின்றிராது. கற்றவர்களுக்கு நேரும் ஆபத்து இதுவே. வாக்கியத்தின் பொருள் விளங்கிய திருப்தி, வாக்கியம் குறித்த பொருள் கிடைத்த திருப்தியைப் போல நடித்துவிடுகிறது. தாம் யார் என்று ஆராயாமல் நூல்களை மட்டும் கற்றவர்களை, உள்ளது நாற்பது அனுபந்தம் என்னும் நூலில் மஹர்ஷி, ஒலியை வாங்கித் திருப்பிச் சொல்லும் யந்திரத்துக்கு ஒப்பிடுகிறார். மென்மையே வடிவான அவர் இத்தனை கடுமையாகச் சொன்ன இடங்கள் மிகச் சிலவே.

அப்படியானால் அவர் யாருக்கும் புத்தகம் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார். ஆசிரமத்துச் சமையற்கட்டில் பணிசெய்த அம்மையார் ஒருவருக்கு அவர் படிக்கக் கொடுத்தது தமிழ் ரிபு கீதை. அத்வைதத்தின் உச்சியில் நின்று பேசும் நூல். தமக்கு அது விளங்கவில்லை என்று அந்த அம்மையார் சொன்னபோது, விளங்காவிட்டாலும் பாதகமில்லை, படித்துக்கொண்டே இருந்தால் நன்மை உண்டாகும் என்றார். எல்லாம் படித்த காவ்யகண்டரைச் சொல்லுக்குப் பின்னே பார்க்கச் சொன்னவர், சமையல் செய்யும் அம்மையாரைச் சொல்லைப் படித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்களே, அவர் நூலுக்கு எதிரி என்றும் நூலுக்கு அடிமை என்றும் சண்டையிடுகிறார்கள். பொருளை அறிந்துவிட்டோம் என்ற கர்வத்துக்கு இடமில்லாத நெஞ்சில் சாஸ்திர வாக்கியம் தானே இறங்கி வேலை செய்யும் என்பதை அவர் கண்டிருக்கவேண்டும். கர்வம் ஏறிய நெஞ்சிலோ அது வாயிலோடு நின்றுவிடுகிறது.

அவருடைய நித்திய வாழ்க்கையையும் பாருங்கள். மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவான பின், ஹாலில் அவர் அமர்ந்த சோபாவின் அருகே புத்தக அலமாரி இருந்தது. அச்சுக்கு வந்த நூல்களின் புரூபைத் தாமே திருத்துவார். கிழிந்த பழம் புத்தகங்களைத் தைத்து ஒட்டி அட்டை போட்டு வைப்பார். எழுதாத காகிதத் துண்டு ஒன்றையும் வீணாக விடமாட்டார். அன்பர்களுக்காகச் சுலோகங்களை முத்து முத்தான எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுப்பார். விவேக சூடாமணியைத் தமிழ் வசனமாக்கியவரும் அவரே. பெரிய புராணத்தில் அடியார்களின் கதைகளைப் படிக்கத் தொடங்கினால், நடுவிலே குரல் அடைத்து, கண்ணீர் பெருகி, மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். மதுரையில் சிறுவனாக இருந்தபோது நெஞ்சை இளக்கிய அதே நூல், ஞானம் கைவந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் அவரை இளக்கிற்று. அறிந்தவனுக்கு நூலினால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்பது சாஸ்திர நியாயம். ஆனால் அன்பு அந்த நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை போலும்.

ஆகவே நூலா அநுபவமா என்று பிரித்துக் கேட்பதே பிழையான வினா என்று நான் கருதுகிறேன். படிப்பவன் எப்படிப் படிக்கிறான் என்பதே கேட்கத் தக்கது. தன்னைத் தொடாமல் படிக்கிறவனுக்கு நூறு உபநிஷதங்களும் அபர வித்தையே. ஒரு வரியில் தன்னைச் சந்தித்துவிட்டவனுக்கு அந்த ஒரு வரியே பரவித்தையின் வாயில்.

‘நான் யார்?’ என்னும் சிறு நூலை நம்மில் பலர் ஒரே அமர்வில் படித்து முடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறோம். அன்பர்கள் இந்த வாரம் அதை மறுபடி கையில் எடுத்து, முதல் வினாவைத் தாண்டாமல் அவ்விடத்திலேயே சிறிது நேரம் தங்கிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். தமிழ்ப் பண்டிதராக 1923-இல் திருவண்ணாமலை வந்து, மஹர்ஷியின் உள்ளது நாற்பது உருவாவதற்கே காரணராயிருந்த முருகனாரைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.